ஒட்டுண்ணி என்று எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம் பற்றி முழுப்பக்கக் கட்டுரை வந்ததைப் பார்த்து என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, வாயாலேயே ஒரு கதையை நடத்திக்கொண்டு போகிற இந்த விளையாட்டுக்கு ஒரு தமிழ் நாளிதழில் இத்தனை இடம் கிடைக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்கு முதலில் நன்றி. ஆனால் கடைசிப் பத்தியில் வெளிப் பதிப்பாளர்களை, அதாவது வேறொரு நிறுவனத்தின் விளையாட்டுக்குத் தாங்களாகப் புத்தகம் எழுதி விற்கும், இந்தத் துறையில் தேர்ட் பார்ட்டி என்று சொல்கிறவர்களை, 'பெரிய நிறுவனத்தின் உழைப்பில் பிழைக்கும் ஒட்டுண்ணிகள்' என்று எழுதியிருந்ததைப் படித்ததும் அந்த நன்றியில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதிப்பாளன் இல்லை, வக்கீலும் இல்லை. பதினான்கு வருடமாக வாராவாரம் நண்பர்களுக்கு இந்த விளையாட்டை நடத்துகிறவன், அதாவது கேம் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வீரனையோ மந்திரவாதியையோ எடுத்துக்கொள்வார்கள், மீதி உலகம் மொத்தமும், அரக்கன் முதல் சத்திரக்காரன் வரை, என் தலையில். ஒரே ஒரு முறை 16 பக்கத்தில் ஒரு சாகசத்தை, அதாவது மேசையில் நடத்துவதற்கான ஆயத்தக் கதையை, எழுதி பிடிஎஃப்பாக விற்றிருக்கிறேன். அதில் வந்த பணம் அட்டைப்படம் வரைந்தவருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. ஆக, நான் ஒட்டுண்ணி என்றால் கொஞ்சம் மெலிந்த ஒட்டுண்ணி.

கட்டுரை எழுதியவருக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை என்று நினைக்கிறேன். சதுரங்கத்தில் குதிரை எப்படிப் போகும் என்பதை யாரும் வீட்டில் உட்கார்ந்து மாற்றுவதில்லை. இந்த விளையாட்டில் மாற்றாத மேசையே கிடையாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். இந்த வகை விளையாட்டுகளில் மிகப் பிரபலமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஒரு பாத்திரத்தின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு வந்தால் ஆள் உடனே சாவதில்லை. தன் முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் பிழைத்தான், மூன்று தோல்வி வந்தால் போனான். நல்ல விதிதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதை எல்லோர் கண்ணெதிரே உருட்டினால் என்ன ஆகிறது தெரியுமா? 'ஒரு தோல்விதானே ஆகியிருக்கிறது, இன்னும் ஒரு சுற்று தாங்குவான், நான் முதலில் இந்தப் பூதத்தை முடித்துவிட்டு வருகிறேன்' என்று, கூட வந்தவன் குற்றுயிராகக் கிடக்கும்போது மற்றவர்கள் கணக்குப் போடுவார்கள். ஒரு வருடம் இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், இனிமேல் அந்தப் பகடையை மட்டும் நான் மறைப்புக்குப் பின்னால் உருட்டுவேன், எத்தனை வெற்றி எத்தனை தோல்வி என்று யாருக்கும் சொல்லமாட்டேன் என்றேன். அவ்வளவுதான் மாற்றம். அடுத்த சண்டையில் ஒருத்தன் விழுந்ததும் மற்ற மூன்று பேரும் செய்துகொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு அவனை நோக்கி ஓடினார்கள். பகடையில் 17 விழுந்திருந்தது. நான் முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன், அவர்கள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஹவுஸ் ரூல் என்று பெயர். இது என் கண்டுபிடிப்பு என்று பெருமை அடிக்கவில்லை, இதையே எத்தனையோ மேசைகளில் செய்கிறார்கள். இப்படி ஒன்று, இரண்டு என்று சேர்ந்து எங்களிடம் இப்போது ஒரு நோட்டுப் புத்தகமே இருக்கிறது, அதில் நாங்களாக உருவாக்கின பன்னிரண்டு பூதம், ஒரு மந்திரப் பள்ளி, கப்பல் சண்டைக்குத் தனி விதி. இந்த நோட்டை யாராவது ஒருநாள் ஒழுங்காக டைப் அடித்து, நாலு பேரிடம் ஆடிப் பார்க்கச் சொல்லி, பிழை திருத்தி, படம் போட்டு, விலை வைத்தால் அதுதான் தேர்ட் பார்ட்டி பதிப்பு. வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்ட ஜீவன் இல்லை அது.

ஒட்டுண்ணி என்ற பேச்சு வந்ததால் ஆரம்பத்தையும் பார்த்துவிடலாம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதி டிஎஸ்ஆர் என்ற நிறுவனம் வெளியிட்ட முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஒரு பெட்டியில் மூன்று சின்னப் புத்தகம், அச்சடித்தது 1000 பிரதி. அதில் காட்டிலும் மலையிலும் பயணம் போவதற்கான வரைபடத்துக்கு என்ன செய்யச் சொன்னார்கள் தெரியுமா? அவலான் ஹில் என்ற வேறொரு நிறுவனம் விற்றுக்கொண்டிருந்த அவுட்டோர் சர்வைவல் என்ற போர்டு கேமை வாங்கி அதன் பலகையைப் பயன்படுத்தச் சொன்னார்கள். அடுத்தவன் பலகையில்தான் இவர்கள் காடே இருந்தது! 'ஹாபிட்' என்ற இனத்தையும் டோல்கீன் கதைகளிலிருந்து எடுத்துப் போட்டிருந்தார்கள், உரிமைக்காரர்கள் ஆட்சேபித்த பிறகுதான் அது 'ஹாஃப்லிங்' ஆனது. இதற்காக அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். இந்த விளையாட்டு பிறந்ததே இரவல் வாங்கி, ஒட்டி, திருத்தி, 'மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாசகனிடம் கொடுத்துத்தான். அந்த முதல் புத்தகங்களின் முடிவுரையே ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது.

வாசகர்களும் பார்த்துக்கொண்டார்கள். 1976இல் ஜட்ஜஸ் கில்டு என்ற சின்ன நிறுவனம் டிஎஸ்ஆரிடம் அனுமதி வாங்கி ஒரு முழு நகரத்தையே, தெருவாரியாக, கடைவாரியாக வெளியிட்டது. யாரோ எழுதின ஊரையும் சாகசத்தையும் யார் காசு கொடுத்து வாங்கப் போகிறார்கள், கேம் மாஸ்டர்கள் தாங்களே உருவாக்கிக்கொள்வார்களே என்றுதான் டிஎஸ்ஆர் அப்போது நினைத்தது. நகரம் விற்றது. 1978இல் டிஎஸ்ஆரும் தன் சொந்த சாகசப் புத்தகங்களைப் போட ஆரம்பித்தது. ஆக, தாய் நிறுவனத்துக்குத் தன் சரக்கு என்ன என்று காட்டிக்கொடுத்ததிலேயே வெளியாளுக்குப் பங்கு உண்டு.

அப்புறம் டிஎஸ்ஆர் வளர்ந்தது, வளர்ந்ததும் குணம் மாறியது. மேஃபேர் கேம்ஸ் என்ற வெளிப் பதிப்பாளர் மீது வழக்கு, 1990களில் இணையத்தில் ரசிகர்கள் தங்கள் பூதங்களையும் மந்திரங்களையும் பகிர்ந்துகொள்வதற்கே கட்டுப்பாடு. இங்கிலீஷில் டிஎஸ்ஆர் என்ற மூன்று எழுத்துக்கு 'அடிக்கடி வழக்குப் போடுவார்கள்' என்று ரசிகர்கள் விரிவாக்கம் சொல்லிச் சிரித்த காலம் அது. 1997இல் கடனில் மூழ்கி விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது. வழக்குப் போட்டதால்தான் மூழ்கியது என்று நான் சொல்லவரவில்லை, அதற்கு வேறு பல காரணம் உண்டு. ஆனால் மூழ்கும்போது கை கொடுக்க வெளியே யாரும் மிச்சம் இல்லை.

2000த்தில் நடந்ததுதான் முக்கியம், உங்கள் கட்டுரை அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிப் போய்விட்டது. மூன்றாம் பதிப்பு வந்தபோது விசார்ட்ஸில் இருந்த ரயன் டான்சி ஒரு கணக்குப் போட்டார். இந்த விளையாட்டில் பணம் வருவது அடிப்படை விதிநூலில். சாகசப் புத்தகத்தை ஐந்து பேர் இருக்கும் மேசையில் ஒருத்தர்தான் வாங்குவார், விதிநூலை எல்லோரும் வாங்குவார்கள். அப்படியானால் லாபம் குறைந்த சாகசத்தையும் பூதப் பட்டியலையும் ஊர் முழுக்க எழுதட்டும், எவ்வளவு எழுதுகிறார்களோ அவ்வளவு நம் விதிநூல் விற்கும். வரப்புயர நீருயரும் என்கிற அதே கணக்கு. அதற்காக வந்ததுதான் ஓஜிஎல் எனப்படும் ஓப்பன் கேம் லைசென்ஸ். ராயல்டி கிடையாது, அனுமதிக் கடிதம் கிடையாது, யார் வேண்டுமானாலும் அந்த விதிகளை எடுத்து எழுதி விற்கலாம். கூடவே டி20 என்ற விசார்ட்ஸின் முத்திரையை அட்டையில் போட்டுக்கொள்ள ஒரு தனி லைசென்ஸ். அதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. அந்த முத்திரை வேண்டுமானால் உங்கள் புத்தகத்தில் பாத்திரத்தை எப்படி உருவாக்குவது என்று சொல்லக் கூடாது. அதற்கு வாசகன் விசார்ட்ஸின் விதிநூலைத்தான் வாங்கியாக வேண்டும். தர்மம் மாதிரியும் இருந்தது, வியாபாரமாகவும் இருந்தது. எனக்கு இதில் எந்தக் குறையும் தெரியவில்லை, வெளிப்படையாகச் செய்தார்கள்.

ஓஜிஎல் உள்ளே இரண்டு வாளி உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடியது: பகடை உருட்டும் முறை, பெரும்பாலான மந்திரங்கள், பெரும்பாலான பூதங்கள். இன்னொன்றில் நிறுவனத்துக்கே உரியது: உலகங்களின் பெயர், கதைமாந்தர், கண் கண்ணாக முளைத்த பிஹோல்டர் மாதிரி சில பிரத்தியேகப் பிராணிகள். நீங்கள் எழுதுகிற புத்தகத்திலும் எது எந்த வாளி என்று நீங்களே குறிக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் 15ஆம் பிரிவு என்று ஒன்று வரும், நீங்கள் எந்தெந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தீர்களோ அவற்றின் காப்புரிமை வரிகளை அங்கே வரிசையாகப் போட வேண்டும். அந்தப் புத்தகம் வேறு மூன்று புத்தகத்திலிருந்து எடுத்திருந்தால் அந்த மூன்றும் சேர்த்து. வம்சாவளி மாதிரி நீண்டுகொண்டே போகும். என் 16 பக்கச் சாகசத்தில் ஒரு சதுப்புநில ஜந்துவை வேறொரு சின்னப் பதிப்பாளரின் பூதநூலிலிருந்து எடுத்திருந்தேன், அதன் வரியைப் போட மறந்துவிட்டேன். விற்பனைக்குப் போன மூன்றாம் நாள் அந்தப் பதிப்பாளரிடமிருந்தே மின்னஞ்சல். எனக்குக் கை சில்லிட்டுவிட்டது. பிரித்துப் பார்த்தால், 'ஜந்துவை அருமையாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள், 15ஆம் பிரிவில் எங்கள் வரி விடுபட்டிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்' என்று இரண்டு வரி. தவறு தெரிய வந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் போதும் என்று லைசென்ஸிலேயே இருக்கிறது. நான் அன்று இரவே சேர்த்துவிட்டேன். ஒட்டுண்ணிகள் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் லட்சணம் இது.

எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொன்னால் பொய். டி20 காலத்தில் கடைக்கு வந்ததில் குப்பை ஏராளம். யாரும் ஆடிப் பார்க்காமல் எழுதின புத்தகங்கள், இலக்கணப் பிழை, கூட்டல் பிழை, அட்டையில் மட்டும் டிராகன். 2003இல் விசார்ட்ஸ் 3.5 என்று திருத்தின பதிப்பைக் கொண்டுவந்ததும் அதற்கு முன் வந்த சரக்கெல்லாம் ஒரே நாளில் பழசாகி, கடைக்காரர்கள் தலையில் துண்டு. பல சின்னப் பதிப்பாளர்கள் அத்தோடு காணாமல் போனார்கள். நானும் ஒரு முறை வெளியார் எழுதின ஒரு புதுப் பாத்திர வகையை, பெயர் வேண்டாம், படத்தைப் பார்த்து மயங்கி மேசைக்குக் கொண்டுவந்தேன். அதை எடுத்தவர் ஒரே சுற்றில் நாலு முறை தாக்கினார், மற்றவர்கள் பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் வாரம் அந்த நண்பரே, பாவம், 'எனக்கே போரடிக்கிறது, மாற்றிவிடு' என்றார். தரம் பார்க்காமல் வாங்கினது என் தப்பு. கட்டுரையாளர் இதைக் குறை சொல்லியிருந்தால் நானும் சேர்ந்து தலையாட்டியிருப்பேன், அவர் சொன்னதோ வேறு.

2008இல் நான்காம் பதிப்பு. இந்த முறை விசார்ட்ஸ் ஓஜிஎல்லை விட்டுவிட்டு ஜிஎஸ்எல் என்று இறுக்கமான ஒரு லைசென்ஸைக் கொண்டுவந்தது. ஒரு புத்தக வரிசையைப் புது லைசென்ஸுக்கு மாற்றினால் அதைப் பழைய லைசென்ஸில் இனி வெளியிடக் கூடாது என்று முதல் வடிவத்தில் ஒரு நிபந்தனை, பின்னால் தளர்த்தினார்கள். அதுவரை விசார்ட்ஸுக்காகவே டிராகன், டன்ஜன் என்ற இரண்டு பத்திரிகைகளை நடத்திக்கொண்டிருந்த பைசோ என்ற நிறுவனத்திடமிருந்து 2007இலேயே பத்திரிகைகளும் போய்விட்டிருந்தன. அவர்கள் என்ன செய்தார்கள்? ஓஜிஎல்லில் திறந்து கிடந்த 3.5 விதிகளை எடுத்து, திருத்தி, 2009இல் பாத்ஃபைண்டர் என்று தனி விளையாட்டாகவே கொண்டுவந்துவிட்டார்கள். சில காலம் கடை விற்பனைப் பட்டியலில் மூல விளையாட்டையே அது முந்தியது. கூடவே இருந்தவனைத் தள்ளிவிட்டு எதிரில் கடை போட வைத்த கதை.

அந்தப் பாடம் கொஞ்ச காலம் நினைவிலிருந்தது. 2014இல் ஐந்தாம் பதிப்பு, 2016 ஜனவரியில் மறுபடி ஓஜிஎல், கூடவே டிஎம்ஸ் கில்டு என்ற இணையச் சந்தை. இந்த இரண்டையும் கட்டுரை ஒன்றாகக் குழப்பியிருந்தது. டிஎம்ஸ் கில்டில் எழுதினால் விசார்ட்ஸின் சொந்த உலகங்களையும் பெயர்களையும் பயன்படுத்தலாம், அது பெரிய சலுகை. ஆனால் விலையில் பாதிதான் எழுதினவருக்கு, மீதிப் பாதி சந்தைக்கும் விசார்ட்ஸுக்கும். அங்கே போட்டதை வேறெங்கும் கொண்டுபோய் விற்கவும் முடியாது. நல்ல வாடகை வீடு, தோட்டமெல்லாம் இருக்கிறது, ஆனால் சுவரில் ஆணி அடித்தால் அந்த ஆணி வீட்டுக்காரருக்கு. ஓஜிஎல்லில் எழுதினால் அந்த உலகங்கள் கிடையாது, ஏன், அட்டையில் விளையாட்டின் பெயரைக்கூடப் போட முடியாது. அதனால்தான் 'உலகின் மிகப் பிரபலமான ரோல்பிளேயிங் கேமின் ஐந்தாம் பதிப்புக்கு' என்று சுற்றி வளைத்து எழுதுவார்கள், ஆளைக் காட்டிவிட்டுப் பெயரை மட்டும் விழுங்கிவிடுவது. ஆனால் அது சொந்த வீடு. யாரும் எழுப்பிவிட முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

2023 ஜனவரி 5. ஓஜிஎல் 1.1 என்ற ஒன்று வரப்போவதாகவும், அது பழைய 1.0ஏ லைசென்ஸைச் செல்லாததாக்கும் என்றும் கிஸ்மோடோ தளத்தில் செய்தி வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் விசார்ட்ஸின் தலைவர் முதலீட்டாளர்களிடம் பேசும்போது இந்த விளையாட்டிலிருந்து இன்னும் போதுமான பணத்தை எடுக்கவில்லை என்ற பொருளில் சொல்லியிருந்தார். கசிந்த வரைவில், வருடத்துக்கு 50,000 டாலருக்கு மேல் வரவு இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும், 7,50,000 டாலரைத் தாண்டினால் தாண்டின தொகையில் 25 சதவீதம் ராயல்டி. லாபத்தில் இல்லை சார், வரவில். கூட்டுநிதியில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகம் போடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஓவியருக்கும் அச்சகத்துக்கும் கப்பலுக்கும் தபாலுக்கும் போனது போக வரவில் கால் பங்கு கையில் நின்றால் அதுவே அதிர்ஷ்டம். அதையும் கொடு என்றால்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இது பெரிய பதிப்பாளர்களை மட்டும்தான் தொடும், சின்னவர்களுக்கு என்ன என்று உங்கள் கட்டுரை கேட்டது. சின்னவர்களைத் தொட்டது வேறு இரண்டு நிபந்தனை. ஒன்று, 30 நாள் அறிவிப்புக் கொடுத்து நிறுவனம் இந்த லைசென்ஸை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், முடித்தும் விடலாம். இரண்டாவது, நீங்கள் எழுதினதை நிறுவனம் ராயல்டி தராமல், திரும்பப் பெற முடியாத வகையில், நிரந்தரமாக, எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

'திரும்பப் பெற முடியாத' என்ற அந்தச் சொல்லைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 2000த்தில் அவர்கள் நமக்குக் கொடுத்த லைசென்ஸில் 'நிரந்தரம்' என்று இருந்தது, 'திரும்பப் பெற முடியாது' என்ற வார்த்தை இல்லை. அது விடுபட்டதை வைத்துத்தான் இப்போது செல்லாது என்று சொல்லக் கிளம்பினார்கள். நம்மிடமிருந்து வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு மட்டும் அதே வார்த்தையை மறக்காமல் போட்டுவிட்டார்கள். அடிமடியில் கை வைப்பது என்பது இதுதான்.

அடுத்த மூன்று வாரம் நடந்ததை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அப்படி ஒரு கொந்தளிப்பு இந்தத் துறையில் அதற்கு முன் நான் பார்த்ததில்லை. விசார்ட்ஸின் இணையச் சேவையான டி அண்ட் டி பியாண்டின் சந்தாவை ஆளாளுக்கு ரத்து செய்தார்கள். பைசோ ஓஆர்சி என்று ஒரு புது லைசென்ஸை அறிவித்தது, எந்த ஒரு பதிப்பாளர் கையிலும் அது இருக்காது என்று. கோபோல்டு பிரஸ் என்ற வெளிப் பதிப்பாளர் தனி விளையாட்டையே தொடங்கப்போவதாகச் சொன்னார், அது பின்னால் டேல்ஸ் ஆஃப் தி வேலியன்ட் என்று வந்தும்விட்டது. விசார்ட்ஸ் 19ஆம் தேதி 1.2 என்று ஒரு மென்மையான வரைவைக் கொடுத்துக் கருத்துக் கேட்டது. 15,000 பேருக்கு மேல் பதில் எழுதினார்கள், இந்த லைசென்ஸில் நாங்கள் எதையும் வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 சதவீதம். 27ஆம் தேதி விசார்ட்ஸ் இறங்கி வந்தது. 1.0ஏ அப்படியே இருக்கும், அதற்கு மேல் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த, 400 பக்கத்துக்கு மேற்பட்ட எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம் முழுவதையும், எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய் 4.0 உரிமத்தில் கொடுத்துவிட்டோம் என்று அறிவித்தது. அந்த உரிமத்தைக் கொடுத்தவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

ஆனாலும் நம்பிக்கை திரும்பவில்லை. பைசோ அதே வருடம் பாத்ஃபைண்டரை ரீமாஸ்டர் என்ற பெயரில் திருத்தி வெளியிட்டபோது ஓஜிஎல் வாசனை இருந்த சொல்லையெல்லாம் தேடித் தேடி எடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக மந்திரவாதிகள் வீசிவந்த மேஜிக் மிஸைல், ஃபோர்ஸ் பேராஜ் ஆனது. என் மேசையில் ஒருவர் இன்றைக்கும் பழைய பெயரைத்தான் சொல்கிறார், மற்றவர் திருத்துகிறார், இவர் முறைக்கிறார்.

விதிகளுக்குக் காப்புரிமையே கிடையாதே, அப்புறம் லைசென்ஸ் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அமெரிக்கச் சட்டத்தில் அது சரிதான். ஒரு முறையை விளக்கும் எழுத்துக்குத்தான் காப்புரிமை, முறைக்கு இல்லை என்று 1880இல் ஒரு கணக்கெழுதும் முறை பற்றிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 16 பக்கம் எழுதி விற்கிற ஆள் எந்த வரி முறை, எந்த வரி எழுத்து என்று நீதிமன்றத்தில் நின்று நிரூபித்துக்கொண்டிருக்க முடியுமா? லைசென்ஸ் என்பது 'உன்மேல் வழக்குப் போடமாட்டேன்' என்று எழுதிக்கொடுத்த காகிதம். அதனால்தான் அதில் ஒரு வார்த்தை இருக்கிறதா இல்லையா என்பது அத்தனை பெரிய விஷயம்.

இதையெல்லாம் இவ்வளவு சிக்கலாக்காமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற விளையாட்டின் அடிப்படையில் யார் வேண்டுமானாலும் புது விளையாட்டே எழுதலாம் என்று அதைப் படைத்த பேக்கர் தம்பதி சொல்லிவிட்டார்கள், அதிலிருந்து ஒரு குடும்பமே கிளைத்திருக்கிறது. ஃபேட் விளையாட்டின் விதிகள் 2013இலிருந்தே கிரியேட்டிவ் காமன்ஸில் கிடைக்கின்றன. சுவீடனிலிருந்து வந்த மோர்க் போர்க் என்ற விளையாட்டின் வெளியார் உரிமம் படிக்க இரண்டு நிமிடம்கூட ஆகாது: காசு வேண்டாம், இது எங்கள் வெளியீடு இல்லை என்ற வாசகத்தை மட்டும் போடு. விளைவு, ஒற்றைத் தாளை மடித்துச் செய்த சாகசம் முதல் முழுப் புத்தகம் வரை அதற்கு வெளியார் எழுதினது குவிந்து கிடக்கிறது. நான் மோர்க் போர்க் மூலநூலை வாங்கினதே, நண்பர் ஒருவர் காட்டின அப்படியொரு ஒற்றைத் தாள் சாகசத்தைப் பார்த்துத்தான். டான்சி போட்ட கணக்கை இவர்கள் முத்திரையும் நிபந்தனையும் இல்லாமலேயே போட்டிருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு திருத்தம், தயவுசெய்து வெளியிடுங்கள். ஓஜிஎல் 2023இல் ரத்தாகிவிட்டது என்று கட்டுரையில் இருந்தது. ரத்தாகவில்லை. அதன் பிறகு திருத்தின ஐந்தாம் பதிப்புக்கான எஸ்ஆர்டி 5.2ம் 2025 ஏப்ரலில் கிரியேட்டிவ் காமன்ஸிலேயே வந்திருக்கிறது. அப்புறம், இந்த விதிகளைத் தமிழில் மொழிபெயர்ப்பது சட்டப்படி குற்றம் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எஸ்ஆர்டியில் உள்ளதை, எடுத்த இடத்தைச் சொல்லிவிட்டு, யார் வேண்டுமானாலும் எந்த மொழியிலும் பெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். யாராவது அந்த வரியைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிட்டால் பாவம்.

நிறுத்தாத ஆளில் நானும் ஒருவன். நண்பர் ஒருவரும் நானும் சேர்ந்து மந்திரப் பகுதியில் பாதி வரை வந்திருக்கிறோம். டிராகன் மூச்சு விடும்போது தப்புகிறோமா என்று உருட்டும் 'சேவிங் த்ரோ'வில்தான் நாலு மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறோம். அவர் 'தப்புருட்டு' என்கிறார், எனக்கு அது ஏதோ தப்பாக உருட்டின மாதிரி கேட்கிறது. நான் சொன்ன 'காப்புருட்டு' கையில் போடும் காப்பை உருட்டுவது மாதிரி இருக்கிறதாம் அவருக்கு. உங்கள் வாசகர்கள் யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இந்தப் பகுதிக்கே எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மறைப்புக்குப் பின்னால் பகடை உருட்டும் ஒரு வாசகன்